எந்த எலியை எடுப்பது? கதிர்வீச்சுத் தோல்புற்று ஆய்வுக்கு ஓர் ஒப்பீடு

ஆய்வு மாணவர்களிடமிருந்து இந்தக் கேள்வி ஆண்டுக்கு நாலைந்து முறையாவது வந்துவிடுகிறது: "கதிர்வீச்சால் தோலில் புற்று வரும்போது மரபணுக்களில் என்ன மாறுகிறது என்று பார்க்க வேண்டும். எந்த எலியில் செய்யலாம்?" கேட்பவர் மனத்தில் ஒரு பதில் ஏற்கெனவே இருக்கும். சீக்கிரம் கட்டி வரும் எலி. உதவித்தொகை மூன்றாண்டுக்கு, அதில் ஓராண்டு அனுமதிக் கடிதங்களிலேயே கரைந்திருக்கும். அவசரம் புரிகிறது. ஆனால் ஓர் எலியில் கட்டி சீக்கிரம் வருகிறது என்றால், புற்றுக்குப் போகும் படிகளில் ஒன்றை யாரோ முன்பே ஏற்றி வைத்திருக்கிறார்கள் என்று பொருள். நீங்கள் ஆராய வந்தது அந்தப் படியைத்தான் என்றால், விடை எழுதிய தாளை மடியில் வைத்துக்கொண்டு தேர்வு எழுதுகிறீர்கள்.

இங்கே எலி என்று சொல்வதெல்லாம் சுண்டெலியை.

## எதை வைத்து அளப்பது

முதல் அளவுகோல், எந்தக் கதிர் என்பது. 'கதிர்வீச்சு' என்ற ஒரே சொல்லில் இரண்டு வெவ்வேறு ஆயுதங்கள் அடங்கியிருக்கின்றன. புற ஊதாக் கதிர் டி.என்.ஏ. இழையில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு பிரிமிடின்களை (சைட்டோசின், தைமின் என்ற டி.என்.ஏ. எழுத்துகளை) ஒன்றோடொன்று ஒட்டவைக்கிறது. அந்த ஒட்டு சரிசெய்யப்படாமல் செல் பிரிந்தால் சைட்டோசின் இருந்த இடத்தில் தைமின் வந்து உட்காரும். சில சமயம் பக்கத்துப் பக்கத்து சைட்டோசின்கள் இரண்டுமே தைமின்களாக மாறிவிடும். இந்த இரட்டை மாற்றம் புற ஊதாவின் கைரேகை. வேறு எதுவும் இதை எளிதில் உண்டாக்குவதில்லை. எக்ஸ் கதிர், காமா, பீட்டா போன்ற அயனியாக்கும் கதிர்கள் வெட்டுக்கத்தி. இரண்டு இழைகளையும் அறுக்கும். அறுந்த முனைகள் தப்பாக ஒட்டும்போது சிறு துண்டுகள் காணாமல் போகும், சில துண்டுகள் தலைகீழாகத் திரும்பும், சில இடங்களில் குரோமோசோமின் ஒரு பகுதியே போய்விடும். புற ஊதாவின் தடத்தை எக்ஸோம் வரிசைப்படுத்தலில், அதாவது புரதங்களுக்கான டி.என்.ஏ. பகுதிகளை மட்டும் படிக்கும் முறையில், அழகாகப் படிக்கலாம். வெட்டுக்கத்தியின் தடத்தை அதில் தேடினால் பாதிக்கு மேல் கண்ணில் படாது. எலியோடு சேர்த்துப் படிக்கும் கருவியையும் தேர்ந்தெடுக்கிறீர்கள்.

இரண்டாவது, எந்தப் புற்று. செதிள் செல் புற்று, அடித்தள செல் புற்று, மெலனோமா ஆகிய மூன்றும் மூன்று பாதைகள். மனிதரில் அயனியாக்கும் கதிர் முதன்மையாக உண்டாக்குவது அடித்தள செல் புற்றை. இஸ்ரேலில் தலைப்படைக்காக எக்ஸ் கதிர் சிகிச்சை பெற்ற குழந்தைகளிடமும், ஹிரோஷிமா, நாகசாகி குண்டுவீச்சில் உயிர் தப்பியவர்களிடமும் கூடுதலாகக் காணப்பட்டது இதுதான். சாதாரண எலியோ அடித்தள செல் புற்றை அநேகமாக உண்டாக்குவதே இல்லை. இந்த ஒரு முரணைக் கவனிக்காமல் தொடங்கிய திட்டங்கள் பல.

மூன்றாவது, எலி பிறக்கும்போதே எந்த மரபணு மாற்றத்தைச் சுமந்து வருகிறது. நான்காவது காலமும் காசும். விலைப்பட்டியலில் வராத காசையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அட்டவணையில் வரும் பெயர்களில் பி53, பேட்ச்டு-1 இரண்டும் புற்றை அடக்கும் மரபணுக்கள்; எச்-ராஸ், பி-ராஃப் மாறினால் செல்லை வளரத் தூண்டுபவை; எக்ஸ்பிஏ, எக்ஸ்பிசி டி.என்.ஏ. பழுதைச் சரிசெய்பவை; எச்ஜிஎஃப் ஒரு வளர்ச்சிக் காரணி; டிஎம்பிஏ, டிபிஏ தோலில் தடவும் வேதிப்பொருள்கள்.

| தேர்வு | கதிர் | பெரும்பாலும் வரும் புற்று | முன்பே மாறியிருப்பது | படிக்கக்கூடிய தடம் | மறைசெலவு |
|---|---|---|---|---|---|
| முடியில்லா எஸ்கேஎச்-1 | புற ஊதா-பி | செதிள் செல் | முடியிழப்பு மரபணு மட்டும் | பி53 மாற்றங்கள் | ஒவ்வோர் எலிக்கும் தனி ஒப்பு டி.என்.ஏ. |
| பேட்ச்டு-1 ஒரு பிரதி இழந்தது | எக்ஸ் கதிர், புற ஊதா | அடித்தள செல் | பேட்ச்டு-1 | மிஞ்சிய பிரதியின் இழப்பு | மூளைக்கட்டி, முடிச்சுழற்சி |
| எக்ஸ்பிஏ, எக்ஸ்பிசி இல்லாதவை | புற ஊதா | செதிள் செல் | பழுதுபார்ப்பு | மாறிப்போன பி53 தடம் | இனப்பெருக்கம், மரபணுச் சோதனை |
| எச்ஜிஎஃப், பி-ராஃப் எலிகள் | புற ஊதா | மெலனோமா | வளர்ச்சித் தூண்டல் | பி53 உள்ளிட்டவை | மிகக் குறுகிய வயது வாய்ப்பு |
| டிஎம்பிஏ–டிபிஏ | கதிரே இல்லை | பாப்பிலோமா (மரு), செதிள் செல் | எதுவுமில்லை | எச்-ராஸ் | கேள்வியே மாறிவிடும் |

## முடியில்லா எலியும் புற ஊதா விளக்கும்

எஸ்கேஎச்-1 குட்டிகள் பிறந்து முதலில் மற்ற குட்டிகளைப்போலவே முடி வளர்க்கும். இரண்டாவது வாரம் முடிவதற்குள் கண்ணைச் சுற்றி முடி கொட்டத் தொடங்கி, தலையிலிருந்து வால் பக்கம் நோக்கி ஒரு கோடு நகர்வதுபோல் நகர்ந்து, மூன்று வார வாக்கில் வழுக்கை முழுமையாகிவிடும். நகங்கள் மட்டும் நீளமாக வளைந்து வளரும். முதன்முறை பார்க்கிறவர்களுக்கு ஏதோ நோய் என்றுதான் தோன்றும். எலிக்கு ஒரு குறையும் இல்லை. நோய் எதிர்ப்பு முறையும் சரியாகவே வேலை செய்கிறது. முடியில்லாத வேறு சில ஆய்வக எலிகளுக்கு எதிர்ப்புச் செல்கள் குறைவு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

வாரம் மூன்று முறை புற ஊதா-பி கொடுத்தால் நாலைந்து மாதங்களில் முதுகில் மருக்கள் தட்டுப்படும். அவற்றில் ஒரு பங்கு செதிள் செல் புற்றாக முற்றும். கட்டி கண்ணுக்குத் தெரிவதற்குப் பல வாரங்கள் முன்பே, பி53 மாறிய செல்கள் தீவுத் திட்டுகளாகத் தோலில் பரவியிருக்கும். தோலை உரித்துச் சாயமேற்றினால் எண்ணலாம். என்னைக் கேட்டால் இந்த எலியின் உண்மையான பலம் இதுதான். கட்டிக்காகக் காத்திருக்காமல் தொடக்கத்தையே பார்க்க முடிகிறது.

தடமும் மனிதத் தடத்தோடு ஒத்துப்போகிறது. மனிதரின் செதிள் செல் புற்றுகள் 24ஐப் பார்த்ததில் 14இல் பி53 மாறியிருந்தது என்று 1991இல் வெளியான ஆய்வு காட்டியது. மாற்றங்கள் புற ஊதாவின் கைரேகையோடு இருந்தன. எலியிலும் பிரிமிடின் ஜோடிகளில்தான் மாற்றம். குறிப்பாக பி53இன் 270ஆம் கோடானில் (மூன்றெழுத்துக் குறியீட்டில்) அடிக்கடி விழுகிறது. மனித மரபணுவில் இது 273ஆம் கோடானுக்கு இணை. எச்-ராஸ் மாற்றம் இங்கே அபூர்வம். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்திருங்கள், டிஎம்பிஏ பகுதியில் தேவைப்படும்.

எந்தச் சேதம் குற்றவாளி என்பதற்கு நேரடிச் சான்றும் எலியிலிருந்தே வந்தது. ஒட்டிக்கொண்ட பிரிமிடின்களை வெளிச்சத்தின் உதவியால் பிரித்துவிடும் ஃபோட்டோலயேஸ் என்ற நொதி மீனிலும் பறவையிலும் பைப்பாலூட்டிகளிலும் உண்டு; நம்மிடமும் எலியிடமும் இல்லை. பொட்டொரூ என்ற சிறு கங்காரு இனத்தின் அந்த மரபணுவை எலிக்குள் வைத்த ராட்டர்டாம் ஆய்வாளர்கள், புற ஊதா பட்டபின் வெளிச்சத்தில் விடப்பட்ட அந்த எலிகள் தோல்புற்றிலிருந்து பெருமளவு காக்கப்படுவதை 2005இல் காட்டினார்கள். புற ஊதா உண்டாக்கும் இன்னொரு வகைச் சேதத்தைச் சரிசெய்யும் நொதியை வைத்தபோது அந்தப் பாதுகாப்பு கிடைக்கவில்லை.

இனி மறைசெலவு. எஸ்கேஎச்-1 தூய உள்ளினம் இல்லை. ஓர் எலிக்கும் அடுத்த எலிக்கும் பிறவி வேறுபாடு உண்டு. கட்டியின் டி.என்.ஏ.வை மட்டும் வரிசைப்படுத்தி, கணினியில் இருக்கும் பொது எலி மரபணுவோடு ஒப்பிட்டால், பிறவி வேறுபாடுகளெல்லாம் சடுதிமாற்றமாக வேடமிட்டு வந்து நிற்கும். அதே எலியின் வாலிலிருந்தோ கல்லீரலிலிருந்தோ எடுத்த ஒப்பு டி.என்.ஏ. இல்லாமல் தொடங்கக் கூடாது. வரிசைப்படுத்தும் செலவு அங்கேயே இரட்டிப்பு. முடியைக் கொட்டவைக்கும் அந்த மரபணுவின் புரதமும் சும்மா இருப்பதில்லை. செல்லுக்குள் சில ஏற்பிகளின் வேலையை அடக்கும் துணைப்புரதம் அது. இந்த எலி முழுச் சாதாரண எலி என்று யாராவது சொன்னால் பாதி நம்புங்கள்.

விளக்கு இன்னொரு தலைவலி. குழல்விளக்கின் நடுவில் கிடைக்கும் வீச்சு முனைகளில் கிடைக்காது. நாளாக ஆக மொத்த வீச்சும் குறையும். நான் மாணவனாக இருந்த ஓர் ஆய்வகத்தில் ஒரு வரிசைக் கூண்டுகளில் மட்டும் கட்டிகள் பின்தங்கின. மரபணுக் காரணம் என்று மூன்று மாதம் கோட்பாடு வளர்த்தோம். கடைசியில் அந்த வரிசை விளக்கின் கறுத்துப்போன முனைக்கு நேர்கீழே இருந்தது தெரிந்தது. அதன்பிறகு ஒவ்வொரு முறையும் கூண்டுகளை இடம் மாற்றினோம், வாரம் ஒருமுறை அளவுமானி வைத்தோம். எலிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் படுக்கும் வழக்கமும் உண்டு. அடியில் கிடப்பதற்குக் கதிர் படாது. ஆண் எலிகள் சண்டையிட்டு முதுகைக் கடித்துக்கொண்டால் காயத்தின் வடுவும் கட்டியும் குழம்பும். பெண் எலிகளாக, தனித்தனித் தடுப்பில் வைத்துக் கதிர் கொடுப்பது நல்லது.

## பேட்ச்டு எலியும் எக்ஸ் கதிரும்

அயனியாக்கும் கதிரைப் பற்றித்தான் உங்கள் கேள்வி என்றால், எனக்குத் தெரிந்து இதைவிடப் பொருத்தமான எலி இல்லை. மனிதரில் பேட்ச்டு-1 மரபணுவின் ஒரு பிரதி பிறவியிலேயே பழுதானால் வருவது கார்லின் நோய்க்குறி. கார்லினும் கோல்ட்ஸும் 1960இல் விவரித்தது. இந்த நோயாளிகளுக்கு மூளைக்கட்டிக்காகக் கதிர்சிகிச்சை கொடுத்தால், கதிர் பட்ட இடமெங்கும் பின்னாளில் அடித்தள செல் புற்றுகள் முளைப்பது மருத்துவர்களுக்குத் தெரிந்த கதை. அதே மரபணுவில் ஒரு பிரதி இழந்த எலியிலும் இது நடக்கிறது. புற ஊதாவும் எக்ஸ் கதிரும் இந்த எலிகளில் அடித்தள செல் புற்றை வளர்க்கின்றன என்று 1999இல் காட்டப்பட்டது. கதிர் படாத சாதாரண எலியில் கிட்டத்தட்ட காணக் கிடைக்காத புற்று இது.

கேள்வியையும் இங்கே கூர்மையாகக் கேட்க முடியும். ஒரு பிரதி போயிருக்கிறது. மிஞ்சிய நல்ல பிரதியைக் கதிர் எப்படி அழிக்கிறது? ஒற்றை எழுத்து மாற்றமா, துண்டு போனதா, குரோமோசோமே போனதா? இதற்கு மிகத் தெளிவான விடை தோலிலிருந்து வரவில்லை, இதே எலியின் சிறுமூளைக் கட்டியிலிருந்து வந்தது. தானாக வந்த கட்டிகளில் எலியின் 13ஆம் குரோமோசோமில் பேட்ச்டு-1 இருக்கும் இடத்திலிருந்து முனை வரை நல்ல பிரதி இழக்கப்பட்டிருந்தது. கதிர் கொடுத்தபின் வந்த கட்டிகளில் பலவற்றில் நடுவில் ஒரு துண்டு மட்டும் வெட்டுப்பட்டிருந்தது. ஜப்பானிய ஆய்வாளர்கள் 2010இல் இதைப் பதிவு செய்தார்கள். ஒரு கட்டியைக் கையில் எடுத்து "இது கதிரால் வந்தது, இது தானாக வந்தது" என்று சொல்வதற்கு இவ்வளவு நெருக்கமாக வந்த ஆய்வுகள் மிகச் சில. தோல் கட்டியில் அதையே தேடிப் பார்ப்பது நல்ல ஆய்வுத் தலைப்பு என்பேன்.

விலையும் அந்தச் சிறுமூளையில்தான் இருக்கிறது. பிறந்த சில நாள்களில் 3 கிரே (கிரே என்பது கதிர் அளவின் அலகு) எக்ஸ் கதிர் கொடுத்த பேட்ச்டு எலிகளில் சுமார் பாதிக்கு மூளைக்கட்டி வந்ததாக ரோமில் நடந்த ஆய்வு 2002இல் சொன்னது. தோல் கட்டி முதிர்வதற்குள் எலி கையை விட்டுப் போய்விடும். தலையை ஈயத்தால் மறைத்துவிடலாமே என்று தோன்றும். அதே குழு அதையும் செய்து பார்த்தது. உடலுக்கு மட்டும் கதிர் பட்டபோதும் மறைக்கப்பட்ட சிறுமூளையில் கட்டி வந்தது. வளர்ந்த எலியில் மூளைக்கட்டி அபாயம் வெகுவாகக் குறைகிறது. ஆகவே தோலுக்காக வருகிறவர்கள் குட்டிகளைத் தொட வேண்டியதில்லை.

வளர்ந்த எலியில் வேறொரு பொறி. எலியின் முதுகு முடி அலையலையாக வளர்ந்து ஓய்வெடுக்கிறது; பிறந்து சுமார் ஏழு வாரத்தில் நீண்ட ஓய்வுக் கட்டம் வரும். இந்தப் புற்று முடிக்காலின் தண்டுச் செல்களிலிருந்து கிளம்புவதால், வளர்ச்சிக் கட்டத்தில் கதிர் கொடுத்தால் ஒரு விளைவு, ஓய்வில் கொடுத்தால் வேறு விளைவு. முடியை மழித்ததும் தோலைப் பாருங்கள். கறுப்பு எலியில் ஓய்வுக் கட்டத் தோல் இளஞ்சிவப்பாக இருக்கும், வளர்ச்சிக் கட்டத்தில் சாம்பல் பூத்துக் கறுக்கும். ஒரே வயது எலிகளில்கூட இந்த நிறம் மாறியிருந்தால் அந்த எலியை அன்றைக்கு விட்டுவிடுங்கள். மழிக்கும் கத்தி தோலைக் கீறினாலும், மெழுகால் முடியைப் பிடுங்கினாலும் ஓய்விலிருக்கும் முடி விழித்துக்கொள்ளும். இந்தச் சின்ன விஷயத்தைச் செய்முறைப் பகுதியில் ஒரு வரிகூட எழுதாத கட்டுரைகளைப் பார்த்திருக்கிறேன்.

## பழுதுபார்ப்பு இல்லாத எலிகள்

வெயிலில் மிக எளிதில் தோல்புற்று வரும் பிறவி நோயான ஜெரோடெர்மா பிக்மென்டோசம் உள்ளவர்களின் செல்கள் புற ஊதாச் சேதத்தை வெட்டி நீக்க முடியாமல் தவிப்பதை 1968இல் ஜேம்ஸ் கிளீவர் கண்டறிந்தார். எக்ஸ்பிஏ, எக்ஸ்பிசி மரபணுக்கள் நீக்கப்பட்ட எலிகள் 1995இல் வந்தன. குறைந்த அளவு புற ஊதாவிலேயே இவற்றுக்குப் புற்று வருகிறது. எக்ஸ்பிஏ எலியின் தோல் வெந்தும் போகும். வேகம் வேண்டுபவர்களை இவை இழுக்கும். ஆனால் தடம் மாறிவிடுகிறது. எக்ஸ்பிசி இல்லாத எலிகளின் தோல் கட்டிகளில் பி53இன் 122ஆம் கோடானில் மாற்றம் குவிகிறது. சாதாரண எலிகளில் அது குவியும் இடமே இல்லை. பழுதுபார்ப்பைப் பற்றி ஆராய்பவருக்கு இது தங்கம். "சூரியன் சாதாரணத் தோலில் எதை மாற்றுகிறது" என்று கேட்பவருக்கு இது தவறான வழிகாட்டி.

இங்கே எல்லா எலிகளுக்கும் பொதுவான ஓர் எச்சரிக்கையையும் சொல்லிவிட வேண்டும். காக்கெய்ன் நோய்க்குறி உள்ள மனிதர்கள் வெயிலைத் தாங்க மாட்டார்கள். ஆனால் அவர்களுக்குத் தோல்புற்று வருவதில்லை. அந்த நோயில் பழுதாகும் சிஎஸ்பி மரபணு இல்லாத எலிக்குப் புற ஊதாவில் தோல்புற்று வருகிறது. காரணம், ஒட்டிய பிரிமிடின்களை மரபணுத் தொகுதி முழுவதும் தேடிப்போய் நீக்கும் வேலையில் எலியின் செல்கள் ஆதியிலிருந்தே சோம்பேறிகள். சேதத்தைக் கண்டறியும் டிடிபி2 புரதம் மனிதச் செல்களில் வேலை செய்யும் அளவுக்கு எலியில் வேலை செய்வதில்லை. அதைக் கூடுதலாக வெளிப்படுத்திய எலிகளில் புற ஊதாப் புற்று தாமதமாக வந்தது. ஆக எந்த எலியை எடுத்தாலும், பழுதுபார்ப்பில் ஓரளவு ஊனமுற்ற விலங்கைத்தான் எடுக்கிறீர்கள்.

## மெலனோமா வேண்டுமென்றால்

எலியின் உடல் தோலில் நிறமிச் செல்கள் முடிக்காலுக்குள் ஒளிந்திருக்கும். மனிதரில் அவை மேல்தோலின் அடியில் வரிசையாக நிற்கும். இதனால் சாதாரண எலியை எவ்வளவு வாட்டினாலும் மெலனோமா அவ்வளவு எளிதில் வராது. எச்ஜிஎஃப் என்ற வளர்ச்சிக் காரணியைக் கூடுதலாகச் சுரக்கும் எலியில் நிறமிச் செல்கள் மேல்தோலிலும் தங்கியிருக்கும். பிறந்து மூன்றரை நாளான இந்தக் குட்டிகளுக்குத் தோல் சிவக்கும் அளவு ஒரே ஒரு முறை புற ஊதா கொடுத்தாலே பின்னாளில் மெலனோமா வந்தது; வளர்ந்தபின் கொடுத்த ஒற்றைச் சூட்டுக்கு வரவில்லை. 2001இல் வெளியான இந்த முடிவு, குழந்தைப் பருவ வெயில் கொப்புளம் பின்னாளில் மெலனோமாவுக்குக் காரணமாகிறதோ என்ற சந்தேகத்துக்கு விலங்குச் சான்றானது.

இன்னொரு வழி பி-ராஃப் எலி. மனித மெலனோமாவில் அடிக்கடி காணும் 600ஆம் இடத்து மாற்றத்தில் தைமின் போய் அடினின் வருகிறது. அது புற ஊதாவின் கைரேகை இல்லை. அப்படியானால் வெயிலின் பங்கு என்ன? பி-ராஃப் மாற்றத்தை முன்பே கொடுத்துவிட்டுப் பிறகு புற ஊதா கொடுத்தபோது கட்டி விரைந்தது. சுமார் 40 சதவீதக் கட்டிகளில் பி53 மாறியிருந்தது. 2014இல் வந்த இந்த ஆய்வில் வெயில்காப்புக் களிம்பு கட்டியைத் தாமதப்படுத்தியது, ஆனால் முழுமையாகத் தடுக்கவில்லை. 'தொடக்கம் வேறு, அடுத்த அடி வெயிலால்' என்ற வரிசையைச் சோதிக்க இதுவே சரி. எச்ஜிஎஃப் வழியில் மூன்றரை நாள் வயதைத் தவறவிட்டால் அந்த ஈற்று வீண். பிரசவத்தை நள்ளிரவில்கூடக் குறித்துவைக்க ஆள் வேண்டும்.

## டிஎம்பிஏ–டிபிஏ

இந்தப் பட்டியலில் இது ஏன் என்று கேட்கலாம். திட்ட வரைவுகளில் 'தோல்புற்று எலி' என்று எழுதி இதைச் செருகிவிடுகிறார்கள் என்பதால்தான். ஒருமுறை டிஎம்பிஏ (மரபணுவை மாற்றும் வேதிப்பொருள்), பிறகு வாரம் இருமுறை டிபிஏ (செல்களைப் பெருகத் தூண்டுவது). பத்து வாரத்துக்குள் முதுகு முழுக்க மருக்கள். விலை குறைவு, எண்ணிக்கை ஏராளம். எஃப்விபி எலி நன்றாகப் பிடிக்கும்; சி57 கறுப்பு எலி முரண்டு பிடிக்கும். ஆனால் இந்த மருக்களில் பெரும்பாலானவற்றில் எச்-ராஸின் 61ஆம் கோடானில் அடினின் போய் தைமின் வந்திருக்கும். அது டிஎம்பிஏ என்ற வேதிப்பொருளின் கையொப்பம். பால்மெயின் என்ற ஆய்வாளரின் குழு 1986இல் காட்டியது இதைத்தான். புற ஊதாக் கட்டியில் அபூர்வமாக இருக்கும் மாற்றம் இங்கே விதி. கதிர்வீச்சைப் பற்றிய கேள்விக்கு இதை எடுப்பவர், மதுரைக்குப் போக வேண்டியவர் கூட்டம் குறைவாக இருக்கிறதென்று கோவை பஸ்ஸில் ஏறுவதுபோல.

## யாருக்கு எது

விளக்கு இருக்கிறது, கையில் ஓராண்டு இருக்கிறது, எக்ஸோம் வரிசைப்படுத்தக் காசு இருக்கிறது என்றால் எஸ்கேஎச்-1. மூன்றில் காசு மட்டும் இல்லையென்றாலும் அதுவே. கட்டியை விட்டுவிட்டு பி53 திட்டுகளை எண்ணுங்கள், பாதிக் காலத்தில் நேர்மையான முடிவு கிடைக்கும்.

பக்கத்துப் புற்றுநோய் மருத்துவமனையில் கதிர் இயந்திரம் கிடைக்கும் என்று எழுதியிருந்த மாணவிக்கு: பேட்ச்டு எலி. எக்ஸோமோடு நிற்காதீர்கள், மிஞ்சிய பிரதி இழக்கப்பட்டதா, எவ்வளவு நீளம் என்று 13ஆம் குரோமோசோம் நெடுகப் பாருங்கள். எலி அறைக்கும் மருத்துவமனைக்கும் இடையே எலியைக் கொண்டுபோய்க் கொண்டுவர இரு பக்க விலங்கு நெறிமுறைக் குழுக்களின் ஒப்புதலும் வேண்டும். அதை முதல் மாதமே தொடங்குங்கள்.

ஒரு மருந்து பழுதுபார்ப்பைத் தூண்டுகிறதா என்று பார்ப்பவருக்கு எக்ஸ்பிசி எலி துணை எலி. சாதாரண எலியில் மருந்து வேலை செய்து இதில் செய்யாவிட்டால்தான் உங்கள் வாதம் நிற்கும். இதை மட்டும் தனியாக வைத்து எதையும் சொல்ல முடியாது.

மெலனோமாக்காரர்கள் கூட்டாளி தேடிக்கொண்டு வாருங்கள். முதல் ஆண்டு மாணவர் ஒருவர் தனியாக அந்த ஈற்றுகளைச் சமாளித்து நான் பார்த்ததில்லை.

எந்த எலியானாலும், முதல் கதிர் படுவதற்கு முந்தைய நாள் வால் நுனியில் இரண்டு மில்லிமீட்டர் எடுத்து, காது எண்ணோடு பெயரிட்டு, மைனஸ் 80 பெட்டியில் வையுங்கள். எட்டு மாதம் கழித்து அந்தக் குழாயைத் தேடும்போது எண் அழிந்திருந்தால் அந்த எலி கணக்கில் இல்லை. சாதாரணப் பேனா மை ஆல்கஹாலில் கரையும், பென்சிலால் எழுதுங்கள்.